முதல், நடப்பு, விலாசம்: நகரத்தார் வணிக வளர்ச்சி வரலாற்றில் சொல்வழக்குச் சான்றுகள்

1. முன்னுரை

வணிக நிறுவனங்கள் எவ்வாறு வளர்கின்றன, ஏன் வளர்கின்றன என்னும் வினா நெடுங்காலம் பொருளியலார்க்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்டு வந்தது. கடந்த அரை நூற்றாண்டாக வரலாற்றாசிரியரும் மானிடவியலாரும் இவ்வினாவில் பங்கு கொண்டுள்ளனர். மொழியியலார் இன்னும் வாயிலில்தான் நிற்கின்றனர். வணிக வளர்ச்சிக்கும் மொழிக்கும் என்ன தொடர்பு எனக் கேட்போர் இருக்கலாம். ஒரு நிறுவனம் தன் ஊரை விட்டுக் கடல் கடந்து செல்லும்போது அதன் பணத்துக்கு முன்னே செல்வது அதன் எழுத்து. கணக்கு, கடிதம், உண்டியல், ஒப்பந்தச் சீட்டு ஆகியவை இல்லாமல் காரைக்குடியில் இருப்பவர் மோல்மீனில் கடை நடத்த இயலாது. ஆகவே அவ்வெழுத்தின் இயல்பு என்ன என்று கேட்பதும் வளர்ச்சியின் காரணத்தைக் கேட்பதே ஆகும்.

இக்கட்டுரை நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் செட்டியார் சமூகத்தின் வணிகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1930கள் வரை, சிறப்பாகப் பர்மாவில், விரிந்த முறையை அவ்வணிகத்தின் கலைச்சொற்கள் வழியே ஆராய முற்படுகிறது. இச்சமூகத்தின் பெருமை பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பழி பேசுவதும் அன்று. இவ்விரு வகை நூல்களும் வேண்டுமளவு உள்ளன.

2. முன்னையோர் ஆய்வுகள்

பொருளியல் தரப்பில் முதலில் கூறத்தக்கது எடித் பென்ரோஸ் 1959இல் வெளியிட்ட நிறுவன வளர்ச்சிக் கோட்பாடு பற்றிய நூல். சந்தையின் அளவோ மூலதனத்தின் அளவோ நிறுவனத்தின் வளர்ச்சிக்கு இறுதி எல்லை அன்று என்பது அவர் கருத்து. நிறுவனத்துக்குள் ஒன்றாகப் பணியாற்றிப் பழகிய மேலாளர்களின் திறமே வளர்ச்சியைத் தூண்டுவது. அதுவே அதற்கு எல்லையும் ஆவது. புதிய மேலாளரைச் சந்தையில் வாங்கிவிட முடியாது. பழகச் செய்துதான் உருவாக்க வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். அக்காலமே வளர்ச்சியின் வேகத்தை வரையறுக்கிறது. இதற்கு முன்பே, 1937இல், சந்தை இருக்கும்போது நிறுவனம் என ஒன்று ஏன் தோன்ற வேண்டும் என்று ரொனால்டு கோஸ் கேட்டிருந்தார். ஒவ்வொரு பேரத்துக்கும் ஆகும் செலவே அதற்குக் காரணம் என்பது அவர் விடை. ஆல்ஃபிரட் சாண்ட்லர் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் வரலாற்றைக் கொண்டு மேலாண்மைப் படிநிலையின் தோற்றத்தை விளக்கினார்.

நகரத்தாரைப் பற்றிய ஆய்வு வேறு பாதையில் வந்தது. ஜப்பானிய ஆய்வாளர் ஷோஜி இதோ 1966இல் இவர்களை இந்திய வணிகக் குழுமத்தின் ஒரு வகையாக ஆராய்ந்தார். மைக்கேல் ஆடஸ் 1974இல் பர்மிய ஆற்றுக்கழிமுகப் பகுதியின் வேளாண் விரிவாக்கத்தில் இவர்களது பங்கை எழுதினார். மலாயா பற்றி ராமன் மகாதேவனின் ஆய்வு உள்ளது. 1994இல் வெளிவந்த டேவிட் ருட்னரின் நூல் இவற்றுள் விரிவானது. மானிடவியலாரான அவர் சாதி அமைப்பே இவர்களது வங்கி அமைப்பு என்னும் முடிவுக்கு வந்தார். கோயில், திருமணம், மகமை ஆகியவை வணிகத்துக்குப் புறம்பான சடங்குகள் அல்ல, மூலதனத்தைத் திரட்டும் வழிகளே என்று அவர் காட்டிய விதம் பாராட்டத்தக்கது. பர்மிய நிதி வரலாறு பற்றி ஷான் டர்னெல் 2009இல் வெளியிட்ட நூல் பொருளியல் நோக்கில் இதை மீண்டும் எடுத்துக்கொண்டது.

ருட்னரின் முடிபில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சாதி என்பது எல்லாவற்றையும் விளக்கிவிடுமாயின் அது எதையும் விளக்கவில்லை என்றுதான் பொருள். ஒரே சமூகத்தில், அதே ஒன்பது கோயில்களுக்குள், சில கடைகள் நூறாகப் பெருகின; பல கடைகள் ஒன்றாகவே இருந்து மறைந்தன. நகரத்தாரிடையே எழுந்த பாகப்பிரிவினை வழக்குகளும் கூட்டு வழக்குகளும் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளில் மிகுதியாக உள்ளன. ஒருவர் மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையால் மட்டும் இவ்வணிகம் நடந்திருந்தால் இத்தனை வழக்குகளுக்கு இடமில்லை. இத்தனை ஏடுகளுக்கும் தேவையில்லை. நம்பிக்கை போதாது என்பதை நன்கு அறிந்தவர்கள்தாம் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள்.

இதற்கு இணையான விவாதம் ஒன்று மேலைநாட்டுப் பொருளியல் வரலாற்றிலும் நிகழ்ந்தது. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்து அறையில் கிடைத்த 11ஆம் நூற்றாண்டு வணிகக் கடிதங்களை எஸ்.டி. கோயிட்டைன் படித்து வெளிப்படுத்தினார். அவற்றைக் கொண்டு அவ்னர் கிரைஃப் 1989இல் 'மக்ரிபி வணிகர்' என்னும் குழு தன் உறுப்பினரின் நற்பெயரைக் கண்காணித்தே முகவர்களைக் கட்டுப்படுத்தியது என்னும் கோட்பாட்டை வகுத்தார். 2012இல் ஜெரமி எட்வர்ட்ஸ், ஷீலா ஒகில்வி ஆகியோர் அதே கடிதங்களைப் படித்து, அவ்வணிகர் நீதிமன்றங்களையும் சட்ட ஆவணங்களையும் பெரிதும் நாடினர் என வாதிட்டனர். ஜெசிகா கோல்ட்பர்க் கடிதங்களில் வரும் சொற்களின் ஆட்சியையே எடுத்துக்கொண்டு குழுவின் எல்லையை மறுஆய்வு செய்தார். பொருளியலார் கோட்பாடாகக் கட்டியதன் அடித்தளம் ஒரு சொல்லை எவ்வாறு பொருள் கொள்வது என்பதில் இருந்தது. பல்துறை ஆய்வு என்பதன் உண்மைப் பொருள் இதுவே என்று கருதுகிறேன். துறைகளை அருகருகே அமர வைப்பதால் அது நிகழ்வதில்லை. ஒரு துறையின் சான்றை மற்றொரு துறை கேள்வி கேட்க வேண்டும்.

3. சொல்லும் தொடர்ச்சியும்

தமிழில் வணிகச் சொற்கள் மிகப் பழையவை. முதல், ஊதியம் ஆகிய இரண்டும் குறளின் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் ஒரே குறளில் மூலதனம், ஆதாயம் என்னும் பொருளில் வருகின்றன. 'முதல்' இன்றும் அப்பொருளில் நிற்கிறது. 'முதலாளி' அதன் வழிவந்தது. 'ஊதியம்' மட்டும் இடம் மாறி, வணிகரின் ஆதாயத்தைக் குறித்த சொல் இன்று பணியாளரின் சம்பளத்தைக் குறிக்கிறது.

இதனினும் கருதத்தக்கது கடனுக்கான மேற்பணத்தைக் குறிக்கும் சொல். சோழர் கால, அதற்கு முற்பட்ட கால கல்வெட்டுகளில் இது 'பொலிசை' அல்லது 'பலிசை' எனப்படும். பொலிதல் என்பது பெருகுதல், தழைத்தல். களத்தில் நெல் குவியும்போது இன்றும் உழவர் 'பொலி' என்பர். பிற்காலத்தில் வழங்கலான 'வட்டி' என்னும் சொல்லைத் தமிழ்ப் பேரகராதி 'விருத்தி' என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்துகிறது. அதன் பொருளும் பெருக்கமே. ஒரு சொல் போய் மற்றொரு சொல் வந்த போதும் கருத்து மாறவில்லை. தமிழ் வணிகர் வளர்ச்சி என்று எண்ணியது பணத்தின் பெருக்கத்தையே. நிறுவனம் என்னும் உருவின் வளர்ச்சியை அன்று. ஒரு கடை 'வளர்ந்தது' என்று சொல்லும் வழக்கு அண்மையது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'நகரத்தார்' என்னும் பெயரைக் கண்டவுடன் கல்வெட்டுகளில் வரும் வணிகர் சபையாகிய 'நகர'த்தையும், 1088ஆம் ஆண்டு சுமத்திராவின் பாரூஸ் அருகே தமிழ்க் கல்வெட்டைப் பொறித்த திசையாயிரத்து ஐந்நூற்றுவரையும் நினைவுகூர்ந்து, ஆயிரமாண்டுத் தொடர்ச்சியை நிறுவிவிடுவோர் பலர். சொல்லின் தொடர்ச்சி அமைப்பின் தொடர்ச்சிக்குச் சான்றாகாது. ஊதியம் என்ற சொல் நிலைத்திருப்பதால் குறள் காலத்து வணிகரும் இன்றைய எழுத்தரும் ஒருவராகிவிடுவதில்லை. இச்சமூகத்தின் வணிகத்தைப் பற்றி உறுதியாகப் பேச உதவுவன 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கொள்ளப்படும் பழனி அறப்பட்டயங்களே. அவற்றில் இவர்கள் உப்பு வணிகராகக் காட்சியளிக்கின்றனர். வணிக ஆதாயத்தில் ஒரு கூறு பழனி முருகனுக்கு மகமையாக ஒதுக்கப்படுகிறது. மகமை என்னும் இவ்வழக்கம் பின்னர் இரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தண்டாயுதபாணி கோயில்களின் நிதியாகத் திரண்டது. தெய்வத்தின் பெயரில் கணக்கு இருந்தது; அப்பணம் கடைகளுக்குக் கடனாகவும் சென்றது.

4. விலாசம்

நகரத்தார் கடையின் பெயர் 'விலாசம்' எனப்படும். இன்று நாம் முகவரி என்னும் பொருளில் இதனை வழங்குகிறோம். நகரத்தார் வழக்கில் அது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளாலான வரிசை. கடிதமும் உண்டியலும் அவ்வெழுத்துகளின் பெயரிலேயே செல்லும். வழக்கும் அப்பெயரிலேயே தொடுக்கப்படும்.

பொதுவாழ்வில் அறியப்பட்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சர் எம்.சிடி. முத்தையா செட்டியாரின் மகன் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். முத்தையா, சிதம்பரம் என்னும் இரு பெயர்களே தலைமுறை தோறும் மாறி மாறி வருகின்றன. பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கமே இதன் காரணம். பெயர்கள் சிலவே, ஆட்கள் பலர். தனிமனிதரின் பெயர் அவரை அடையாளம் காட்டப் போதாமையால் எழுத்து வரிசை அப்பணியை ஏற்றது. இன்னொரு குடும்பத்தில், சாத்தப்பர், ராமநாதர், முத்தையா என்னும் மூவரின் எழுத்துகளைத் தாங்கி எஸ்.ஆர்.எம்.எம். எனத் தொடங்கிய சகோதரர்களுள் ஒருவரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலை செட்டியார். இன்னொருவரான ராமசாமி செட்டியார் 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கியின் தொடக்ககால இயக்குநர்களுள் ஒருவர்.

விலாசத்தில் ஓர் எழுத்துக் கூடுகிறதென்றால் என்ன பொருள்? தந்தையின் சொத்து பிரிந்து மகன் தனிக்கடை கண்டான் என்று பொருள். அதாவது நீளும் விலாசம் பெரிதான ஒரு கடையைக் காட்டுவதில்லை. கிளைத்த கடையைக் காட்டுகிறது. மேலைநாட்டுக் கோட்பாடுகள் தடுமாறும் இடம் இதுவே. பென்ரோஸ், சாண்ட்லர் ஆகியோருக்கு வளர்ச்சி என்பது ஒரு நிறுவனம் தன் உடலைப் பெருக்கிக் கொள்வது. நகரத்தார் வணிகத்திலோ அது பிரிந்து பெருகுவது. இதற்கு இணையான வழக்கு அவர்தம் வீட்டிலும் உண்டு. மகனுக்குத் திருமணமானவுடன் அவனை அதே வீட்டிற்குள் தனி அடுப்பில் 'வேறு வைப்பர்'. கூரை ஒன்று, சமையல் வேறு, கணக்கு வேறு. மணமான இணை ஒரு 'புள்ளி'. நகரக் கோயிலுக்குப் புள்ளிக் கணக்கில்தான் வரி. ஆட்களை எண்ணும் அலகே பிரிவை அடிப்படையாகக் கொண்டிருக்கும் போது வணிகமும் அவ்வாறே எண்ணப்பட்டதில் வியப்பில்லை.

பேச்சு வழக்கில் விலாசம் எவ்வாறு ஒலித்தது என்பதும் நோக்கத்தக்கது. அ, க, மு முதலிய குறில் எழுத்துகள் நீண்டு 'னா' பெற்று ஆனா, கானா, மூனா என்றாகும். நெடில் எழுத்துகள் ஆவன்னா, காவன்னா எனவரும். தொல்காப்பியர் எழுத்துச் சாரியைகளாகக் கூறும் கரம், காரம், கான் ஆகியவற்றின் இடத்தில் திண்ணைப் பள்ளிக்கூடம் அமைத்துக்கொண்ட சாரியைகள் இவை. திண்ணையில் கற்ற எழுத்தின் பெயரே கடல் கடந்த வணிகரின் பெயராயிற்று. மேடானில் கடைப் பணியாளராக இருந்த ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) ஆகிய நாவல்களில் இவ்வழக்கை உயிருடன் காணலாம். வரலாற்றாசிரியர்கள் இந்நாவல்களை ஆவணமாகப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது வருந்தத்தக்கது. அவை காட்டும் கடைப்பணியாளருள் பிறசாதியாரும் உள்ளனர் என்பதொன்றே சாதிக் கோட்பாட்டைச் சற்று நெகிழ்த்தும்.

5. பெட்டியடியிலிருந்து மேலாள் வரை

பென்ரோஸின் கோட்பாடு சிறப்பாகப் பொருந்தும் இடமும் உண்டு. கடையில் சிறுவனாகச் சேர்பவன் பெட்டியடிப் பையன். அடுத்த படி அடுத்தாள். அதற்கு மேல் கடையை நடத்தும் மேலாள் அல்லது ஏஜெண்டு. ஏஜெண்டின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. அக்காலம் முடிந்ததும் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்து ஊர் திரும்பவேண்டும். குடும்பத்தை உடன் அழைத்துச் செல்வதில்லை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக ஊரிலேயே வழங்கப்படும். ஆதாயத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். ஊர் திரும்பியவர் சிறிது முதல் சேர்ந்திருந்தால் தாமே கடை வைக்கலாம்.

மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறியும் கடை நின்றுவிடாமைக்குக் காரணம் என்ன? ஏட்டின் ஒருமைப்பாடே என்பது என் துணிபு. குறிப்பேடும் பேரேடும் ஐந்தொகையும் எந்தக் கடையிலும் ஒரே வடிவின. ஓர் ஏஜெண்டு எழுதியதை அடுத்தவர் முதல் நாளிலேயே படிக்க இயலும். ஊரிலிருக்கும் முதலாளிக்கு அனுப்பும் நகலை அவரும் படிக்க இயலும். இலக்கங்கள் தமிழ் இலக்கங்கள். கணக்கு எண்சுவடியில் பயின்ற கீழ்வாய்க் கணக்கு: நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, இருபது மா ஒன்று. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. இப்பின்னங்களை மனப்பாடமாகக் கொண்டவனுக்கு நாள்வட்டி கணக்கிடத் தாள் தேவையில்லை. பென்ரோஸ் கூறிய எல்லை, அதாவது மேலாளரைப் பழக்குவதற்கு ஆகும் காலம், கடைக்குள் மட்டும் கழிக்கப்படவில்லை. அதன் பெரும்பகுதி செட்டிநாட்டுத் திண்ணைகளில் முன்னரே கழிந்துவிட்டது. எனவேதான் 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தபோது, மற்றவர் ஆள் தேடிக் கொண்டிருக்க, இவர்கள் ஆள் அனுப்பினர்.

கீழ்ப் பர்மாவில் 1850களில் பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல் நிலம் 1930களில் எண்பது இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. காடழித்து நிலம் திருத்தியவர்கள் பர்மிய உழவர்கள். கடன் பெருமளவு செட்டியார் கடைகளிலிருந்து வந்தது. 1929-30ஆம் ஆண்டில் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றின் முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் எனவும் மதிப்பிட்டது.

கடல் கடந்த கடை பெரும்பாலும் தனிக்கட்டடம் அன்று. சிங்கப்பூரில் செட்டித் தெரு எனத் தமிழர் வழங்கிய மார்க்கெட் தெருவில் இருந்தவை 'கிட்டங்கிகள்'. சரக்கறை என்னும் பொருளுடைய இச்சொல் தெலுங்கிலும் மலாயிலும் உறவு உடையது. ஆங்கிலத்தின் 'கோடவுன்' இதன் இனமே. செட்டியார் வழக்கில் அது பல கடைகள் ஒரே நீண்ட கூடத்தில் வரிசையாக அமர்ந்து நடத்திய பொதுவிடமாயிற்று. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு கணக்குப்பெட்டி, சுவரோரம் ஒரு அலமாரி. வாடகை குறைவு, சமையல் பொது. அடுத்த பெட்டியில் யார் வந்து கடன் கேட்டார், யார் தவறினார் என்பது காதில் விழாமல் இராது. கோஸ் கூறிய பேரச் செலவு குறைந்த விதத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்றைக் கண்டதில்லை. 1970களில் நகரச் சீரமைப்பின்போது இக்கட்டடங்கள் அகற்றப்பட்டன.

6. நடப்பும் தவணையும்

மேற்குறித்த விசாரணைக் குழுவின் அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எனினும் நடப்பு, தவணை, அடத்தி முதலிய சொற்களை மொழிபெயர்க்க இயலாமல் அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி விளக்கம் தந்துள்ளது. எனவே அது தமிழ்ச் சொல்லாய்வாளருக்கும் ஒரு மூலநூல்.

'நடப்பு' என்பது நகரத்தார் தம்முள் கொடுக்கல் வாங்கலுக்குக் கொண்ட அடிப்படை வட்டி விகிதம். இரங்கூனில் ஒவ்வொரு தமிழ் மாதமும் 16ஆம் நாள் மாலை, மொகல் தெருவில் உள்ள தம் கோயிலில் கூடி இதனை முடிவு செய்தனர். ஆங்கிலேய வங்கிகள் சூழ்ந்த துறைமுக நகரில், ஆங்கில மாதத்தை விட்டுத் தமிழ் மாதத்தைக் கொண்டு, பணத்தின் விலை குறிக்கப்பட்டது. 'தவணை' வட்டி நடப்பை ஒட்டி, அதனினும் சற்று மிகுதியாக அமைந்தது. குறித்த மாதங்களுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்ந்தது. இவ்விரண்டின் பிற்கால வாழ்வும் சுவையானது. இன்றைய வங்கியில் 'நடப்புக் கணக்கு' என்பது வட்டியே இல்லாத கணக்கு. அன்று தவணை பணம் போட்டவருக்கு உரியது; இன்று தவணை கடன்பட்டவருக்கு உரியது. 'உண்டியல்' பணமாற்றுச் சீட்டு என்னும் பொருளை இழந்து கோயிலின் காணிக்கைப் பெட்டியாக மட்டும் நிற்கிறது. ஒரு தொழில் மறையும்போது அதன் சொற்கள் உடன் மறைவதில்லை. வேறு வீடுகளில் குடியேறுகின்றன.

நடப்பு வட்டி எல்லாருக்கும் உரியதன்று என்பதை மறக்கலாகாது. அது உள்வட்டத்துக்கானது. பர்மிய உழவர் கொடுத்தது அதனினும் மிக உயர்ந்த வட்டி. இடையிலுள்ள வேறுபாடே ஆதாயம். உள்ளூர்க் கந்துவட்டிக்காரரை விட நகரத்தார் குறைவாகவே வாங்கினர் என்று விசாரணைக் குழு எழுதியது உண்மையே. ஆயினும் வளர்ச்சியை ஆராய்வோர் குறைந்த வட்டியையும் நாணயத்தையும் மட்டும் எழுதி, அவ்வளர்ச்சி யாருடைய நிலத்தின் ஈட்டின்மேல் நின்றது என்பதை அடிக்குறிப்புக்குத் தள்ளுவது ஏற்கத்தக்கதன்று.

7. ஏட்டில் இடமில்லாத நிலம்

1930இல் அரிசி விலை வீழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி மூண்டது. கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் கைக்கு வந்த நிலம் 1930இல் 6 விழுக்காடாக இருந்து 1930களின் இறுதியில் 25 விழுக்காடாயிற்று. வெளிப்பார்வைக்கு இது மாபெரும் வளர்ச்சி. ஏட்டின் பார்வையில் இது முடக்கம். நடப்பும் தவணையும் புழங்கும் கணக்கு, புழங்காத பொருளைத் தாங்குவதற்கென்று அமைந்ததன்று. செட்டிநாட்டிலிருந்த வைப்பாளர்க்கு நாள்தோறும் வட்டி ஏறிக்கொண்டிருக்க, இரவாடியில் நிலம் அசையாமல் கிடந்தது. நிலம் சேர்ந்ததைப் பேராசை எனப் பர்மிய அரசியலார் கூறினர். நகரத்தார் அதனைத் துயரம் என்றனர். இரு தரப்பும் உண்மையே பேசினர் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

1937ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அவ்வங்கியின் பெயரில் விலாசத்தின் எழுத்து ஒன்றும் இல்லை. பங்குதாரர், இயக்குநர் குழு, ஆங்கிலக் கணக்கு என்னும் புதிய எழுத்துமுறைக்கு ஒரு பகுதியினர் மாறிவிட்டனர் என்பதற்கு இது அடையாளம். 1900இல் மோல்மீனில் வட்டித்தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பம் 1930களில் முதலைத் தாயகத்துக்கு மாற்றி, 1949இல் மிதிவண்டித் தொழிற்சாலையும் 1954இல் உராய்பொருள் தொழிலும் தொடங்கியது. அனைவருக்கும் இது வாய்க்கவில்லை. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பலர் தரைவழியே நடந்து வந்தனர். 1948ஆம் ஆண்டு நில நாட்டுடைமைச் சட்டமும் 1963ஆம் ஆண்டு வங்கி நாட்டுடைமையும் எஞ்சியதை முடித்தன.

இவ்வரலாற்றின் தமிழ் ஏடுகளில் கடன் வாங்கிய உழவர் ஒரு பெயராகவும் ஒரு தொகையாகவும் மட்டுமே வருகிறார். பர்மியப் பெயர்கள் தமிழ் எழுத்தில் எவ்வாறு எழுதப்பட்டன என்பதே தனியாய்வுக்குரியது. மவுங், கோ, ஊ, மா, டோ என்னும் பர்மிய மதிப்புச் சொற்கள் கணக்கில் எழுதப்படுகின்றனவா, விடப்படுகின்றனவா என்று நோக்கினால், கடை யாரை எவ்வாறு மதித்தது என்பது ஓரளவு புலனாகும். ஈட்டுப் பத்திரம் பர்மியப் பதிவு அலுவலகத்தில் பதிவாயிற்று. அதே கடன் தமிழ்ப் பேரேட்டில் ஏறியது. ஒரு கடனின் இவ்விரு பதிவுகளையும் ஒருசேரப் படிக்க, தமிழ்க் கீழ்வாய் இலக்கமும் பர்மிய மொழியும் அறிந்தவர் வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் மாடியறைகளில் பேரேடுகள் இன்னும் சில உள்ளன. வீடுகள் விலைபோகும்போது தேக்கு மரத்தூண்களுக்கும் கதவுகளுக்கும் வாங்குவோர் உண்டு. ஏடுகள் எடைக்குப் போகின்றன. அவற்றுள் கிடைப்பதைப் படியெடுத்து, சொல்லடைவு ஒன்றை முதலில் ஆயத்தம் செய்தல் வேண்டும். நடப்பு, தவணை, அடத்தி என்பன எந்த ஆண்டில், எந்த ஊர்க் கணக்கில், என்ன பொருளில் வருகின்றன என்னும் பட்டியல் கையில் இருந்தால்தான் பொருளியலாரின் கேள்விகளை அவ்வேடுகளிடம் கேட்க இயலும்.